எரிமலை பார்க்க டெல்டாவுக்கு

ஆடி 16, திருச்சி

எரிமலையைப் பற்றி எழுதுவதென்றால் அந்தமானுக்குப் போக வேண்டும். நாட்டில் இன்றும் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை அங்கே பாரன் தீவில்தான் இருக்கிறது. அது என் ஓய்வூதியத்துக்கும் ஒத்துவராது, முழங்காலுக்கும் ஒத்துவராது. எனவே பஸ் ஏறிக் காவிரி டெல்டாவுக்கு வந்திருக்கிறேன்.

கூட வந்திருப்பவன் அண்ணன் மகன், இயற்பியல் இரண்டாம் ஆண்டு. பாறைக் கோள்களின் தட்பவெப்பத்தை எரிமலைகள் எப்படி நிர்ணயிக்கின்றன என்று கல்லூரியில் பேசுவதற்குத் தலைப்பு வாங்கிக்கொண்டு, போன வாரம் எனக்குப் போன் செய்தான். முப்பத்தொரு ஆண்டு வேதியியல் சொல்லிக்கொடுத்தவளிடம் இப்படிக் கேட்டால் சும்மா விடுவேனா? "ஆடிப்பெருக்குக்குக் கிளம்பு, ஆற்றங்கரையில் சொல்கிறேன்" என்றேன்.

"எரிமலை பார்க்கத் தஞ்சாவூருக்கா, அத்தை?" என்றான். அண்ணி போனைப் பிடுங்கி அதையே இன்னும் பலமாகக் கேட்டாள்.

காலையில் முக்கொம்பு, பிறகு கல்லணை. ஆற்றில் தண்ணீர் செம்மண் கரைத்தது போல் ஓடுகிறது. மதகுக்குப் பக்கத்தில் நின்றால் காலுக்கடியில் கல் அதிர்வது தெரிகிறது. பையனுக்கு அங்கேயே பாடத்தைத் தொடங்கினேன்.

மேட்டூரில் திறக்கும் தண்ணீரைக் கல்லணை தடுக்க முடியாது. வருவது வந்தே தீரும். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றும் தாங்கும் அளவுக்கு மேல் வந்தால் மிச்சத்தைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவார்கள். கொள்ளிடம் வெள்ள வடிகால். அது இருப்பதால்தான் கும்பகோணம் மூழ்காமல் இருக்கிறது. பூமியின் காற்றில் இருந்துகொண்டு சூட்டைப் போர்வை போலப் பிடித்துவைக்கும் கரியமில வாயுவுக்கும் இதே ஏற்பாடுதான். எரிமலைதான் மேட்டூர். பூமியின் வயிற்றிலிருந்து ஆண்டுக்குச் சில பத்துக்கோடி டன் கரியமில வாயுவைத் திறந்துவிட்டுக்கொண்டே இருக்கிறது. வடிகால் இல்லையென்றால் சில லட்சம் ஆண்டுகளிலேயே காற்றில் அது மலையாகக் குவிந்திருக்கும். குவியவில்லை. அப்படியானால் பூமிக்குக் கொள்ளிடம் எது?

"செடிகள்" என்றான். எல்லோரும் சொல்லும் பதில்தான். செடி பிடித்ததை, செடி மக்கும்போது ஏறக்குறைய அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். அது கைமாற்று, வடிகாலாகாது.

தண்ணீர் பாட்டிலில் காவிரியைப் பிடித்து லாட்ஜுக்குக் கொண்டுவந்தேன். வண்டல் அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை ஒரு எவர்சில்வர் டப்பா மூடியில் ஊற்றி, மின்விசிறிக்குக் கீழே வைத்திருக்கிறேன். பதில் நாளைக் காலையில்.

ஆடி 17, அரியலூர் போய் வந்தோம்

விடிந்ததும் பையன் முதலில் பார்த்தது மூடியைத்தான். தண்ணீர் போய்விட்டது. ஓரத்தில் நகம் கிள்ளியது போல் ஒரு வெள்ளை வளையம். விரலால் தேய்த்தால் மாவு. இட்லிக் கடையில் கேட்டு வாங்கிவந்த எலுமிச்சை மூடியைப் பிழிந்து ஒரு சொட்டு விட்டேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தால், ஊசிமுனையளவு குமிழ்கள் மெல்ல மெல்ல ஏறி உடைகின்றன. உடைந்து வெளியே போவது கரியமில வாயு. குடகிலும் மைசூர்ப் பக்கத்திலும் மழைத்துளி காற்றிலிருந்து கவர்ந்தது அதில் உண்டு.

விஷயம் இதுதான். மழைநீரில் கரியமில வாயு கொஞ்சம் கரைந்து, சோடாவுக்குத் தங்கை போல ஒரு மெல்லிய அமிலமாகிறது. அது பாறையின் மேல் விழுந்து, ஃபெல்ஸ்பார் போன்ற சிலிகேட் கனிமங்களை அரித்து, உள்ளிருக்கும் கால்சியத்தைப் பிரித்தெடுக்கிறது. காற்றில் இருந்த வாயு பைகார்பனேட்டாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து ஆற்றில் கரைந்து கடலுக்குப் போகிறது. வண்டலை மேட்டூர் அணை பிடித்துவைத்துக்கொள்ளும். கரைந்து வருவதை எந்த அணையும் பிடிக்க முடியாது. கடலில் சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் அதை எடுத்து ஓடு கட்டிக்கொள்கின்றன. ஓடு கட்டும்போது இரண்டில் ஒரு பங்கு வாயு திரும்பிவிடும். மீதி ஒரு பங்கு கல்லாகக் கடலடியில் தங்கிவிடும். ஆக, பூமியின் கொள்ளிடம் மழையில் கரையும் பாறைதான்.

கொள்ளிடத்து மதகை ஏற்றி இறக்கப் பொதுப்பணித் துறை ஆள் வேண்டும். பூமியின் மதகைச் சூடே திறக்கிறது. வெயில் ஏறினால் ஆவியும் மழையும் கூடும், பாறை வேகமாகக் கரையும், வாயு குறையும், சூடு தணியும். குளிர்ந்தால் கரைவது மந்தமாகும். எரிமலை அதைப் பொருட்படுத்தாமல் வாயுவை விட்டுக்கொண்டிருப்பதால் மெதுவாகச் சூடு ஏறும். 1981-ல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற மூவர் இதைக் கணக்குப் போட்டு எழுதினார்கள். நானூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு சூரியன் இப்போதைய வெளிச்சத்தில் முக்கால் பங்குதான் தந்தது. அப்படியும் கடல் உறையாமல் இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நம்புகிறார்கள்.

அரியலூர் டெல்டா அல்ல. கொள்ளிடத்துக்கு வடக்கே, காய்ந்த பூமி. நிலவியலாளர்கள் கணக்கில் மட்டும் அது காவிரிப் படுகை. நாங்கள் ஏறிய தனியார் பஸ்ஸின் நடத்துநர், வாரணவாசி அருங்காட்சியகத்தின் வாசலிலேயே இறக்கிவிடுவதாகச் சத்தியம் செய்துவிட்டு, மூன்று கிலோமீட்டர் முன்னதாக இறக்கிவிட்டார். நடந்தோம். திட்டிக்கொண்டேதான் நடந்தேன், ஆனால் நடந்ததால்தான் அந்தக் கல்குவியல் கண்ணில் பட்டது. சாலையோரம் உடைத்துப் போட்ட சுண்ணாம்புக் கல். ஒவ்வொரு கல்லிலும் உள்ளங்கையளவு சிப்பி, ஓட்டின் நுனி கிளிமூக்காக வளைந்து, வரிவரியாக, போன வாரம் செத்தது போல் இருக்கிறது. இங்கே கடல் இருந்த காலத்தில், டைனோசர் உலவிய காலத்தில், அது உயிரோடு இருந்தது. எடுத்துவரவில்லை. எடுக்கவும் கூடாது.

"இந்தச் சிப்பிக்குள் இருப்பது அந்தக் காலத்துக் காற்று" என்றேன். பையன் கல்லை முகர்ந்து பார்த்தான்.

இப்படிக் கல்லாகிக் கிடக்கும் கரியமில வாயுவை எல்லாம் ஒரே நாளில் வெளியே விட்டால் பூமி எப்படியிருக்கும்? வெள்ளிக் கோளைப் பார்த்தால் தெரியும். அங்கே காற்றில் 96 சதவீதத்துக்கு மேல் கரியமில வாயு. தரையில் அழுத்தம் நம்மைப் போல 90 மடங்குக்கு மேல், சூடு 460 டிகிரி செல்சியஸ். ஈயம் உருகி ஓடும். பூமியின் சுண்ணாம்புப் பாறைகளில் அடைபட்டிருக்கும் வாயுவும் வெள்ளியின் காற்றிலிருக்கும் வாயுவும் ஏறக்குறைய ஒரே அளவு. அளவிலும் எடையிலும் நமக்கு அக்கா தங்கை போன்ற கோள்தான். ஆனால் அங்கே தண்ணீர் இல்லை. மழை இல்லையேல் பாறை கரையாது, ஆறு இல்லை, சிப்பி இல்லை. மேட்டூர் திறந்தே இருக்க, கொள்ளிடத்தை அடைத்துவிட்டதுபோல. ஒருகாலத்தில் வெள்ளியில் கடல் இருந்ததா என்பதில் விஞ்ஞானிகளின் சண்டை இன்னும் ஓயவில்லை. மேட்டூர் இன்னும் மூடவில்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது. 1990-களில் மாகெல்லன் விண்கலம் எடுத்த ராடார் படங்களை 2023-ல் மறுபடி ஒப்பிட்டவர்கள், மாட் மான்ஸ் என்ற எரிமலையின் ஒரு வாய் எட்டு மாதத்துக்குள் உருமாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். முப்பது ஆண்டாக அலமாரியில் கிடந்த படம்!

திரும்பும் வழியெல்லாம் சிமெண்டு லாரிகள். ஆலை உலையில் நடப்பது, சிப்பி பிடித்துவைத்த காற்றை அவிழ்த்துவிடும் வேலை. "உலகத்தின் எரிமலைகளெல்லாம் சேர்ந்து ஒரு ஆண்டில் விடுவதைப் போல, நிலக்கரி, பெட்ரோல், சிமெண்டு என்று நாம் விடுவது நூறு மடங்கு இருக்கும்" என்றேன். "அப்புறம் என்ன, கொள்ளிடம் பார்த்துக்கொள்ளாதா?" என்றான். பார்த்துக்கொள்ளும், சில லட்சம் ஆண்டுகளில். அதற்குள் குறுவை எத்தனை முறை கருகும் என்று நீயே கணக்குப் போடு என்றேன். பஸ்ஸில் வெகுநேரம் பேசவில்லை. தூங்கிவிட்டான் போலிருக்கிறது.

ஆடி 18, திருவையாறு

இன்றைக்குப் பாடம் வேண்டாம் என்றுதான் இருந்தேன். புஷ்ய மண்டபத்துப் படித்துறையில் நிற்க இடமில்லை. வாழையிலை நுனியில் மஞ்சள் பிள்ளையார், காதோலை கருகமணி, வெல்லம் கலந்த பச்சரிசி. புதுப்பெண்கள் தாலிப் பிரித்துக் கோத்துக்கொள்கிறார்கள். குழந்தைகள் சப்பரம் இழுக்கின்றன. முன்பின் தெரியாத ஒரு பாட்டி என் கையில் மஞ்சள் சரடு கட்டிவிட்டு, இரண்டு தொன்னையில் புளியோதரையும் எள்சாதமும் வைத்தாள். பையன் மூன்றாவது தொன்னைக்கும் கை நீட்டினான்.

சாப்பிட்டுக்கொண்டே அவன் கேட்டதுதான் வினையாயிற்று. "எரிமலை வெடித்தால் பூமி குளிரும் என்று படித்தேனே. நீங்கள் சூடேறும் என்கிறீர்களே?"

சரியான கேள்வி. எரிமலையில் இரண்டு சரக்கு உண்டு. கந்தகம் ஒன்று, கரியமில வாயு ஒன்று. பெரிதாக வெடிக்கும்போது கந்தக டை ஆக்சைடு மேகங்களுக்கும் மேலே உள்ள அடுக்குமண்டலம் வரை ஏறி, நுண்ணிய அமிலத் துளிகளாகி, வெயிலுக்குத் திரை போடும். 1991 ஜூனில் பிலிப்பைன்சின் பினடூபோ சுமார் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடை மேலே வீசியது. உலகத்தின் சராசரி வெப்பம் அரை டிகிரி போல இறங்கியது. இரண்டு மூன்று ஆண்டில் திரை கரைந்து எல்லாம் பழையபடி ஆயிற்று. கந்தகம் கோபக்காரன், கத்திவிட்டுப் போய்விடுவான். கரியமில வாயு சத்தம் போடாது, லட்சம் ஆண்டு மனத்தில் வைத்திருக்கும்.

எதிரே தியாகராஜர் சமாதி. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தபோது அவருக்கு நாற்பத்தேழு வயது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி ஆண்டுகொண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கோடையே வரவில்லை, ஜூனில் பனி பெய்தது, பயிர் போய்ப் பஞ்சம் வந்தது. அந்த நாளில் இந்தப் படித்துறையில் நின்றவர்களுக்கு அந்தி வானம் வழக்கத்தைவிடச் சிவந்து தெரிந்திருக்கலாம். என் கற்பனைதான்.

ஆனால் ஒரு கோளின் நீண்டகாலக் கணக்கில் தம்போரா ஒரு தும்மல். நிஜமான எரிமலை ஆட்டம் நம் வீட்டுக்கு வடக்கே நடந்தது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, நேற்றைய அரியலூர்ச் சிப்பிகளின் காலம் முடியும் தறுவாயில், இன்றைய மகாராஷ்டிரப் பக்கத்தில் பூமி பிளந்து, பல லட்சம் ஆண்டு விட்டுவிட்டு எரிமலைக் குழம்பு வழிந்தது. இன்று மிஞ்சியதே 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மகாபலேசுவரம் பக்கத்து மலைகளில் அடுக்கடுக்காகப் படிக்கட்டுப் போலத் தெரிவது அதுதான். விண்கல் விழுந்ததா, தக்காணக் குழம்பா, டைனோசர்களை எது முடித்தது என்ற வழக்கில் பெரும்பாலோர் விண்கல் பக்கம். தக்காணத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பவர்கள் விடுவதாக இல்லை.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்திய கதை. எரிமலைக் கரும்பாறை மற்றப் பாறைகளைவிட வேகமாகக் கரையும். உலகத் தரையில் அதற்குச் சின்னப் பங்குதான். ஆனால் பாறை கரைந்து வாயு அடங்கும் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதனுடையது. வாயுவை விட்டதும் அந்தப் பாறைதான், மழையில் நனைந்து அதைத் திருப்பி வாங்கிக்கொண்டிருப்பதும் அந்தப் பாறைதான். கோதாவரி அதன் மேலேயே பிறந்து ஓடுகிறது. காவிரிக்கு அந்தப் பாக்கியம் இல்லை, தக்காணக் குழம்பு இவ்வளவு தெற்கே வரவில்லை. காவிரி அரிப்பது அதைவிட மிகப் பழைய கடினப் பாறைகளை. கிடைத்ததை வைத்துக் குடும்பம் நடத்துகிறாள்.

ஆடி 19, கும்பகோணம்

மழை. லாட்ஜில் மின்சாரம் இல்லை. வெளியே போக முடியாமல் செவ்வாயைப் பேசித் தீர்த்தோம்.

அங்கே நிற்கும் ஒலிம்பஸ் மான்ஸ் சுமார் 22 கிலோமீட்டர் உயரம், சூரியக் குடும்பத்திலேயே பெரிய எரிமலை. ஆனால் கோள் சிறியது. சின்னப் பாத்திரத்துச் சோறு சீக்கிரம் ஆறுவது போல உள்சூடு ஆறிவிட்டது. காந்தப் புலம் போனது, சூரியக் காற்று வளிமண்டலத்தை அரித்தது, ஈடுகட்ட எரிமலைகளுக்கு மூச்சு இல்லை. இன்று செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆறு ஓடிய தடங்கள் மட்டும் காய்ந்து கிடக்கின்றன. 2014-ல் போய்ச் சேர்ந்த மங்கள்யான் அனுப்பிய படங்களில் அந்த எரிமலைகளைப் பார்த்திருப்பீர்கள். "மேட்டூர் வறண்ட டெல்டா" என்றான் பையன். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மாலையில் மழை விட்டது. கடைத்தெருவில் கொழுந்து வெற்றிலை ஒரு கவுளி வாங்கினேன். கடைக்காரர் சுண்ணாம்பை விரலில் எடுத்துத் தடவும்போது, "இது எங்கிருந்து வருகிறது, அண்ணே?" என்று கேட்டேன். பூம்புகார்ப் பக்கம் ஒரு காளவாயைச் சொன்னார். நாளைய திட்டம் மாறிவிட்டது.

ஆடி 20, பூம்புகார்

காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்க்க வருபவர்கள் ஏமாந்து போவார்கள். முக்கொம்பில் கரை தெரியாமல் விரிந்தவள், இத்தனை ஊருக்கும் வயலுக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டு, இங்கே ஒரு வாய்க்காலாக வந்து மணலில் இறங்குகிறாள். டப்பா மூடியில் கண்ட அந்த வெள்ளை இங்கேதான் கடலுக்குப் போகிறது. எந்தச் சிப்பியில், எந்தக் கடலில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

கல்லான வாயு மறுபடி எரிமலைக்கு எப்படிப் போகிறது என்பது பாக்கி. அலை பார்த்துக்கொண்டே சொன்னேன். இந்த வங்கக் கடலின் தரை நகர்கிறது. கிழக்கே, அந்தமான் முதல் சுமத்ரா, ஜாவா வரை, அது அடுத்த புவித்தட்டுக்குக் கீழே சொருகிக்கொண்டு இறங்குகிறது. கடலடிச் சுண்ணாம்பும் சேர்ந்தே உள்ளே போகிறது. ஆழத்தில் வெந்து, அதன் வாயு பாறைக் குழம்போடு மேலே வருகிறது. பாரன் தீவு, கிரகட்டோவா, தம்போரா எல்லாம் அந்த ஒரே வரிசையில் நிற்கும் அடுப்புகள். 2004 டிசம்பர் 26 அன்று அந்தச் சொருகல் 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் அவிழ்ந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அப்போது இந்தக் கரையும் அந்த மாவட்டம்தான். கோள் உயிரோடிருக்க இந்தத் தட்டுகள் நகரத்தான் வேண்டும் என்று வகுப்பில் சொல்வது சுலபம். இந்தக் கரையில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையனும் கேட்கவில்லை.

நடக்கும்போது வேறு ஒன்று கேட்டான். கொள்ளிடம் அளவுக்கு மீறி இழுத்துவிட்டால்? அது நிஜக் கொள்ளிடத்திலேயே நடந்ததுதான். பள்ளத்தில் ஓடும் கொள்ளிடம் காவிரித் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொள்ள, டெல்டா காய்ந்தது. அதைத் தடுக்கத்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். பூமியிலும் அப்படி ஆகியிருக்கிறது. சுமார் 72 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெப்பமண்டலத்தில் புதிதாகக் கொட்டிய எரிமலைப் பாறை மழையில் வேகமாகக் கரைந்து வாயுவை உறிஞ்சியதுதான் காரணம் என்று ஒரு கருத்து. எப்படியோ, நிலநடுக்கோடு வரை பனி மூடி, ஐந்து கோடி ஆண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. அதிலிருந்து மீட்டதும் எரிமலைதான். பனிக்கடியில் பாறை கரையவில்லை, வடிகால் அடைபட்டது, எரிமலை மட்டும் விட்டுக்கொண்டே இருந்தது. வாயு குவிந்து குவிந்து, ஒருநாள் பனி உடைந்தது.

காளவாய் ஊருக்கு வெளியே, சவுக்குத் தோப்புக்குப் பின்னால். ஆள் உயரத்துக்கு வட்டமான செங்கல் சுவர், அடியில் காற்றுக்கு ஒரு வாய். ஒரு வரிசை கரி, ஒரு வரிசை கிளிஞ்சல் என்று அடுக்கி, நேற்று மூட்டியதை இன்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். கிளிஞ்சல் கிளிஞ்சலாகவே இருக்கிறது, வரிகூட மாறவில்லை. நிறம் மட்டும் செத்த வெள்ளை. பெரியவர் ஒன்றை எடுத்துப் பையன் கையில் வைத்தார்.

"கனம் இல்லை" என்றான்.

"உருவம் அதேதான், தம்பி. பத்து கிலோ போட்டால் ஆறு கிலோகூடத் திரும்பாது. மீதியை நெருப்புத் தின்றுவிடும்" என்றார் பெரியவர்.

நான் குறுக்கே பேசவில்லை. பையனே தரையில் குச்சியால் எழுதிக் கணக்குப் போட்டான். கால்சியம் கார்பனேட் நூறு, சுண்ணாம்பு 56, போனது 44. பத்துக்கு ஐந்தரைக்குச் சற்று மேல். எத்தனை வருஷமாகத் தூக்கிப் பார்த்த கையோ அது, ஒரு தராசும் இல்லாமல் சொல்கிறது.

பிறகு ஒரு தகரச் சட்டியில் கிளிஞ்சலைப் போட்டுத் தண்ணீர் தெளித்து நீற்றிக் காட்டினார். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் சுர்ரென்று சீறி, ஆவி கிளம்பி, அத்தனை வரியும் நெளிந்து உடைந்து மாவாக உதிர்ந்தது. பையன் எட்டிப் பார்க்கப் போனவனைப் பெரியவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

வெற்றிலைக்கு என்று ஒரு பொட்டலம் கட்டிக்கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தோம். திண்ணைச் சுவர் பளீரென்ற வெள்ளை.

"எப்போது அடித்தது, ஐயா?"

"பொங்கலுக்கு. நம் காளவாய்ச் சுண்ணாம்புதான்."

பொங்கலுக்கு அடித்தபோது ஈரச் சுண்ணாம்பு. இந்த ஏழு மாதத்தில் காற்றிலிருந்து, நெருப்பு தின்ற அதே வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வாங்கி, மறுபடி கல்லாகியிருக்கும். நான் இதைச் சொல்வதற்குள் பையன் எழுந்து போய் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேய்த்தான். கையைத் திருப்பிப் பார்த்தான். வெள்ளை ஒட்டவில்லை.